தடை தாண்டும் ரேஸ் 2024–25: எந்தக் குதிரைகளைப் பின்தொடரலாம்?

கேள்வி (ஸ்விண்டன் தம்பி): “எல்லார் பட்டியலிலும் பிரைட்டர்டேஸ்அஹெட் இருக்கிறது. போன மார்ச்சில், இங்கிலாந்தின் பெரிய தடை ரேஸ் மைதானமான செல்ட்னமில் அதை நேருக்கு நேர் தோற்கடித்த கோல்டன் ஏஸ் ஒரு பட்டியலிலும் இல்லை. ஜெயித்த குதிரையை விட்டுவிட்டு, தோற்ற குதிரையைப் பின்தொடரச் சொல்வது என்ன கணக்கு அண்ணா?”

13 அக்டோபர் 2024

அந்த ரேஸை நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன் தம்பி. என் கண்ணுக்கு அது மெதுவாகவே ஓடி, கடைசி ஏற்றத்தில் மட்டும் வேகமெடுத்த ரேஸ். அப்படி ஓடினால் காலில் சட்டென்று வேகம் உள்ள குதிரை முந்திவிடும். தொடக்கத்திலிருந்தே வேகமாக ஓடினால் கதை வேறு. கோல்டன் ஏஸ் நல்ல பெட்டைதான், ஜெரமி ஸ்காட் சாமர்செட்டில் சின்ன லாயம் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் தயார் செய்கிறார். ஆனால் இன்னொரு தடவை மோதினால் நான் பிரைட்டர்டேஸ்அஹெட் மேல்தான் பணம் கட்டுவேன். கோல்டன் ஏஸ் ஜெயித்ததில் அதிர்ஷ்டம் பாதி.

சரி, பிரைட்டர்டேஸ்அஹெட் தவிர என் பட்டியல். பாலிபர்ன் முதலில், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. போன மார்ச்சில் செல்ட்னமில் கேலஹர் நாவிஸ் ஹர்டிலை (ஹர்டில் என்றால் சின்னத் தடை ரேஸ்) 13 லெங்த்தில், அதாவது 13 குதிரை நீளத்தில் ஜெயித்தது. இந்த வருடம் வில்லி முல்லின்ஸ் அதைப் பெரிய வேலிகளுக்கு மாற்றுகிறார். அதே லாயத்தில் மஜ்பரோ, 2024 டிரயம்ஃப் ஹர்டிலில் ஜெயித்தது, உருவத்தைப் பார்த்தாலே வேலி தாண்டப் பிறந்ததுபோல இருக்கும். நிக்கி ஹென்டர்சனிடம் சர் ஜினோ. போன ஜனவரியில் செல்ட்னமில் பர்டெட் ரோடை 10 லெங்த்தில் பின்னால் விட்டது, டிரயம்ஃபுக்கு அதுதான் ஃபேவரிட், லாயத்தில் குதிரைகளுக்கு உடம்பு சரியில்லாததால் ஓடவில்லை. ஓடியிருந்தால் மஜ்பரோ ஜெயித்திருக்குமா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத சண்டை. டான் ஸ்கெல்டனின் சாம்பல் நிறக் குதிரை லோ டு சூட். அப்புறம் கால்டுவெல் பாட்டர், இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கடைசியாக இனோதவேயுர்திங்கின். இதன் மேல் கிராண்ட் நேஷனலுக்கு இப்போதே 10 பவுண்டு கட்டிவிட்டேன்.

14 அக்டோபர்

இனோத... என்று தொடங்குவதைப் படிக்கவே முடியவில்லை என்று இரண்டு பேர் புகார். குதிரைப் பெயரில் இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆங்கிலத்தில் இந்தப் பெயரை இடைவெளி இல்லாமல் ஒட்டிப்போட்டால் சரியாக 18. பிரைட்டர்டேஸ்அஹெட் 17. அதனால்தான் இப்படிக் கோர்த்துக் கோர்த்து வைக்கிறார்கள். தமிழில் எழுதினால் மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.

“நாவிஸ்” என்றால் என்ன என்றும் ஒரு கேள்வி. அந்த வகை ரேஸில், அதாவது சின்னத் தடையிலோ பெரிய வேலியிலோ, சீசன் தொடங்கும் முன் ஒன்றுகூட ஜெயிக்காத குதிரை. பாலிபர்ன் தடையில் சாம்பியன், ஆனால் வேலியில் இந்த வருடம் நாவிஸ். பத்தாம் வகுப்பில் முதல் மாணவன் கல்லூரியில் முதல் நாள் வழி தெரியாமல் நிற்பதுபோல. தடை என்பது சுமார் 1.07 மீட்டர், குதிரை இடித்தால் சாய்ந்து கொடுக்கும். வேலி 1.37 மீட்டருக்குக் குறையாது, இடித்தால் குதிரைதான் சாயும்.

15 அக்டோபர்

கால்டுவெல் பாட்டர். பிப்ரவரியில் ஃபேரிஹவுஸ் ஏலத்தில் 7,40,000 யூரோவுக்குப் போனது. ஓடிக்கொண்டிருக்கும் தடைக் குதிரைக்குப் பொது ஏலத்தில் அதுவரை யாரும் கொடுக்காத விலை. வாங்கியவர்களில் முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனும் ஒருவர். அயர்லாந்தில் கோர்டன் எலியட் லாயத்திலிருந்து இங்கே இங்கிலாந்தில் பால் நிக்கல்ஸ் லாயத்துக்கு வந்தது. இதன் அம்மா பெயர் மட்னி. பிரைட்டர்டேஸ்அஹெட்டும் மட்னியின் மகள்தான், அப்பா மட்டும் வேறு. ஆக தம்பி, நான் ஒரே குடும்பத்தில் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறேன். கல்யாணத் தரகர் மாதிரிதான்.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய குதிரை வம்சம் பெருக்கிப் பணம் தராது என்பதுதான் வேடிக்கை. தடை ரேஸில் ஓடும் ஆண் குதிரைகளில் பெரும்பாலும் காயடித்தவை. சமதள ரேஸில் மூன்று வயதில் பெரிய ரேஸ் ஜெயித்தால் நேராக வம்சப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள், நாம் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் காணாமல் போய்விடும். தடைக் குதிரைகள் பத்து வயதிலும் ஒவ்வொரு குளிர்காலமும் திரும்பி வரும். எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததற்குக் காரணமே அதுதான். கிண்டியில் அப்பாவோடு பார்த்ததெல்லாம் சமதள ஓட்டம். போன மாதம் அந்த மைதானத்துக்கு அரசு சீல் வைத்த செய்தியைப் பார்த்தபோது அப்பாவின் மடித்த ரேஸ் புக்தான் நினைவுக்கு வந்தது. அது இருக்கட்டும்.

26 அக்டோபர்

இன்று செல்ட்னம் போய் வந்தேன். இரவு வேலை முடித்து, தூங்காமல் நேராக. ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பாடக் ஓரத்தில் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்ட ஒரே விஷயம்: எனக்குக் குதிரையின் உடம்பைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் பின்தொடை, நடை, காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்னது தோற்றது, நான் பெயர் பிடித்துப் போய்க் கட்டியதும் தோற்றது. ஆனால் அந்தக் கடைசி ஏற்றத்தை நேரில் பார்க்க வேண்டும். டிவியில் தட்டையாகத் தெரியும். நின்று பார்த்தால்தான், கடைசித் தடையில் முன்னால் இருக்கும் குதிரை ஏன் அங்கே நடைப்பயிற்சிக்காரர் மாதிரி ஆகிவிடுகிறது என்று புரியும்.

26 நவம்பர்

லோ டு சூட் செல்ட்னத்தில் ஆர்க்கிள் டிரயலை (மார்ச்சில் நடக்கும் ஆர்க்கிள் நாவிஸ் வேலி ரேஸுக்கு முன்னோட்டம்) ஜெயித்துவிட்டது. ஒவ்வொரு வேலிக்கும் முன்னால் காலை எண்ணி வைக்கிற மாதிரி தாண்டியது. பாலிபர்ன் பஞ்சஸ்டவுனில் வேலியில் முதல் ரேஸ், வெற்றி. பிரைட்டர்டேஸ்அஹெட் அதே பஞ்சஸ்டவுனில் மொர்ஜியானா ஹர்டில், பின்னால் விட்டது யாரை? நடப்பு சாம்பியன் ஸ்டேட் மேனை. தம்பி இருக்கிறாயா?

1 டிசம்பர்

நேற்று நியூகாசலில் ஃபைட்டிங் ஃபிஃப்த் ஹர்டில். ஹென்டர்சனின் கான்ஸ்டிட்யூஷன் ஹில் வருகிறது, கிட்டத்தட்ட ஒரு வருடமாகப் பார்க்காத ராஜா வருகிறார் என்று காத்திருந்தால் கால் நொண்டி, வரவில்லை. வேலிக்கு மாறுவதாக இருந்த சர் ஜினோவை ஹென்டர்சன் அதற்குப் பதிலாக அனுப்பினார். 8 லெங்த். அலுவலகத்தில் லீவு போட்டவனுக்குப் பதிலாக வந்த பையன் அந்த வேலையையே பிடித்துக்கொண்ட மாதிரி.

28 டிசம்பர்

கெம்ப்டனில் நேற்று சர் ஜினோவும் பாலிபர்னும் மோதின. என் பட்டியலில் மூன்றாவது பெயரும் முதல் பெயரும். சர் ஜினோவுக்கு வேலியில் அதுதான் முதல் ரேஸ். முதல் வேலியிலிருந்தே இருபது ரேஸ் ஓடியதுபோல் தாண்டியது. பாலிபர்னை 7½ லெங்த்தில் பின்னால் விட்டது. அக்டோபரில் பாலிபர்னைப் பற்றி “யோசிக்க ஒன்றுமில்லை” என்று எழுதியிருக்கிறேன். யோசித்திருக்கலாம். இரண்டு மைல் அதற்குக் குறைவு, தூரம் கூட்டினால் சரியாகிவிடும் என்று இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன், முழு நம்பிக்கையில்லாமல்.

கான்ஸ்டிட்யூஷன் ஹில் வந்தது, முல்லின்ஸின் லாஸிமவுத்தை 2½ லெங்த்தில் தோற்கடித்தது. ஒரு வருடம் கழித்து ஓடி அப்படி. நான் இதைப் பட்டியலில் போடவே இல்லை, ஏனென்றால் தாஜ்மஹாலைப் போய்ப் பாருங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

30 டிசம்பர்

முப்பது! பிரைட்டர்டேஸ்அஹெட் நேற்று லெப்பர்ட்ஸ்டவுனில் 30 லெங்த்தில் ஜெயித்தது. ஸ்டேட் மேன் மூன்றாவது. ஸ்விண்டன் தம்பிக்கு என் அன்பான புத்தாண்டு வாழ்த்துகள். கோல்டன் ஏஸ் நலமா?

(இன்னொன்று, நேற்று முன்தினம் நியூபரியில் சாலோ ஹர்டில் ஜெயித்த தி நியூ லயனையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கெல்டன் குதிரை. பட்டியலில் இடையில் சேர்ப்பது தப்புதான், என் பட்டியல், என் தப்பு.)

3 பிப்ரவரி 2025

டப்ளின் வார இறுதி. மஜ்பரோ ஐரிஷ் ஆர்க்கிளை 9 லெங்த்தில் எடுத்தது. பாலிபர்ன் நீளத் தூரத்தில் ஜெயித்தது, சொன்னேனா இல்லையா. கோபெக் டெ போர்ட் என்று ஒரு புதுக் குதிரை, ஜாக்கி இழுத்துப் பிடித்தும் நிற்காமல் போய் 13 லெங்த்தில் முடித்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் குணம் எனக்குப் பயமாக இருக்கிறது. லாஸிமவுத் விழுந்தது, எழுந்தது.

ஐரிஷ் கோல்ட் கப்பில் கலோப்பான் டெ ஷாம் மூன்றாவது வருடமாக ஜெயித்தது. என் இனோதவே நான்காவது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கடைசி இரண்டு வேலிக்குப் பிறகு அது ஓடிய விதம்... நேஷனலுக்கு 6.9 கிலோமீட்டர், 30 வேலி. நான் கட்டிய பத்து பவுண்டு பத்திரமாக இருக்கிறது என்று தூங்கப் போகிறேன்.

20 பிப்ரவரி

சர் ஜினோ இந்த சீசனுக்கு இல்லை. பின்னங்காலில் தொற்று. குதிரை பிழைத்து மறுபடி நடமாடினாலே போதும். அதற்கு ஆர்க்கிளில் நான் கட்டிய 5 பவுண்டு போச்சு. முன்கூட்டியே கட்டினால் குதிரை ஓடாவிட்டாலும் பணம் புக்கிக்குத்தான், அது தெரிந்தே கட்டியது, அழக் கூடாது.

11 மார்ச், இரவு

என்ன சொல்ல.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வரிசையாகவே எழுதுகிறேன். செல்ட்னம் திருவிழாவின் முதல் ரேஸ் சுப்ரீம் நாவிஸ் ஹர்டில், கோபெக் ஜெயித்தது, குணம் பற்றி நான் பயந்தது வீண். அடுத்து ஆர்க்கிள். மஜ்பரோ பாதி விலைக்கு ஃபேவரிட், இரண்டு பவுண்டு கட்டினால் ஒரு பவுண்டு லாபம். கடைசிக்கு முந்தின வேலியில் அது செய்த தப்பை வேறு எந்தக் குதிரை செய்திருந்தாலும் ஜாக்கி தரையில் இருந்திருப்பார். அது நிற்காமல் ஓடி மூன்றாவது வந்தது. ஜெயித்தது ஹென்டர்சனின் ஜாங்கோ பாய், எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, கடைசி ஏற்றத்தில் ஓடி வந்து எல்லாரையும் முந்தியது. லோ டு சூட் அதற்கும் பின்னால்.

பிறகு சாம்பியன் ஹர்டில். கான்ஸ்டிட்யூஷன் ஹில் பத்து ரேஸ் ஓடிப் பத்தும் ஜெயித்த குதிரை. நான் வேலையில் இருந்தேன், இடைவேளையில் செல்போனில் பார்த்தேன். ஐந்தாவது தடையில் அது விழுந்தது. அறையில் இருந்த யாருக்கும் ரேஸ் தெரியாது, நான் போட்ட சத்தத்தில் ஒருத்தி டீயைக் கொட்டிவிட்டாள். சரி, போகட்டும், பிரைட்டர்டேஸ்அஹெட் வரும் என்று பார்க்கிறேன், வரவில்லை. ஸ்டேட் மேன் தனியாக முன்னால் போகிறது, முடிந்தது என்று செல்போனைக் கீழே வைக்கப் போனேன். கடைசித் தடையில் ஸ்டேட் மேனும் விழுந்தது.

ஜெயித்தது கோல்டன் ஏஸ். 25-க்கு 1, அதாவது ஒரு பவுண்டுக்கு 25 லாபம். இரண்டாவது பர்டெட் ரோடு, போன வருடம் சர் ஜினோ 10 லெங்த்தில் பின்னால் விட்டதே, அதே பர்டெட் ரோடு. பிரைட்டர்டேஸ்அஹெட் நான்காவது.

ஸ்விண்டன் தம்பியின் செய்தி வந்துவிட்டது. ஒரே வரி: “அண்ணா, அதிர்ஷ்டம் பாதியா, முழுசா?”

12 மார்ச்

காலையில் எழுந்து அந்த ரேஸை மறுபடி பார்த்தேன். அதிர்ஷ்டம் என்று எழுத விரல் துடிக்கிறது. இரண்டு குதிரைகள் விழாவிட்டால் கோல்டன் ஏஸ் மூன்றாவதோ நான்காவதோ, அதை அதன் பயிற்சியாளரே மறுக்கமாட்டார். அவரே அதைப் பெட்டைக் குதிரைகளுக்கான ரேஸில் ஓடவிடத்தான் நினைத்தார், உரிமையாளர்தான் பிடிவாதமாக இந்த ரேஸுக்குக் கொண்டுவந்தார். ஆனால் ஒன்று. இது தடை தாண்டும் ரேஸ். தாண்டுவதுதான் வேலை. எட்டுத் தடையையும் தாண்டி நின்றதே ஒரு திறமை. போன வருடம் மெதுவாக ஓடிய ரேஸ் என்று காரணம் சொன்னேன், இந்த வருடம் விழுந்த குதிரைகள் என்று காரணம் சொல்கிறேன். இரண்டு வருடமும் அந்த ஏற்றத்தில் பிரைட்டர்டேஸ்அஹெட்டுக்கு முன்னால் போனது அதுதான்.

இரவு சேர்ப்பு: பாலிபர்ன் பிரவுன் அட்வைசரி என்ற நாவிஸ் வேலி ரேஸில் தோற்றது. தூரம் கூட்டியும். ஜெயித்தது லெக்கி வாட்சன், 20-க்கு 1, அதே முல்லின்ஸ் லாயம். பட்டியலில் முதல் பெயர் இப்படி. தி நியூ லயன் மட்டும் முகம் காப்பாற்றியது, டர்னர்ஸ் நாவிஸ் ஹர்டில் அதற்குத்தான். இப்போது அது ஜே.பி. மக்மேனஸின் பச்சை, தங்க வளையச் சட்டையில் ஓடுகிறது.

15 மார்ச்

நேற்றைக்கு முதல் நாள் 7,40,000 யூரோ கடைசியில் கொஞ்சம் திரும்பி வந்தது, கால்டுவெல் பாட்டர் ஜாக் ரிச்சர்ட்ஸ் ரேஸை ஜெயித்தது. பெரிய ரேஸ் இல்லை, ஆனால் செல்ட்னம் செல்ட்னம்தான். மட்னி குடும்பத்தில் ஒருத்தராவது.

நேற்று டிரயம்ஃபில் போனிரோஸ், 100-க்கு 1. வாழ்க்கையில் முதல் தடை ரேஸ்! சமதளத்தில் ஓடிய குதிரை, நேராக செல்ட்னத்துக்கு வந்து ஹென்டர்சனின் லுலம்பாவைத் தோற்கடித்தது. இதைப் பட்டியலில் போட்டவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், நம்பமாட்டேன்.

செல்ட்னத்தின் மிகப் பெரிய ரேஸ் கோல்ட் கப். கலோப்பான் மூன்றாவது முறை ஜெயித்துச் சரித்திரம் படைக்கும் என்று எல்லாரும் காத்திருக்க, கடைசியில் அதைத் தாண்டிப் போனது யார்? இனோதவேயுர்திங்கின்! 6 லெங்த்! முதலில் பெயரே கொடுத்திருக்கவில்லை, 25,000 பவுண்டு கட்டிக் கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். அக்டோபரில் நான் எழுதிய பெயர், பார்த்துக்கொள்ளுங்கள், மேலே இருக்கிறது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். “எவ்வளவு வந்தது?” என்று கேட்டாள். கோல்ட் கப்பில் நான் கட்டவே இல்லை. கட்டியது நேஷனலுக்கு.

நேஷனலுக்கு இனி அது பழைய விலையில் கிடைக்காது, அதுதான் ஃபேவரிட் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் கடைசி

இனோதவே நேஷனலில் ஓடவில்லை. கோல்ட் கப் ஜெயித்த குதிரையை அந்த முப்பது வேலிக்கு அனுப்ப அதன் உரிமையாளர் மக்மேனஸுக்கு மனசில்லை. சரியான முடிவுதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வருடத்தின் சிறந்த குதிரையை ஐந்து மாதம் முன்பே சரியாகச் சொல்லி, அதன் மேல் பணமும் கட்டி, ஒரு பென்னி வாங்காத ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

6 ஏப்ரல்

நேஷனல் நிக் ராக்கெட், 33-க்கு 1, ஏறியவர் முல்லின்ஸின் மகன் பாட்ரிக், சம்பளத்துக்கு ஓட்டாத அமெச்சூர். முதல் மூன்றும் முல்லின்ஸ் லாயம். ரேஸ் முடிந்து அந்தப் பெரியவர் டிவியில் பேச முடியாமல் அழுததைப் பார்த்து என் பத்து பவுண்டை மறந்துவிட்டேன். யாரும் எதிர்பார்க்காத குதிரை என்று எழுதுகிறார்கள், அது அவ்வளவு சரியில்லை. ஜனவரியில் தையெஸ்டீஸ், பிப்ரவரியில் பாபிஜோ, இரண்டு ரேஸும் ஜெயித்த குதிரை. இரண்டு முறையும் நான் வேறு குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

27 ஏப்ரல்

சீசன் நேற்று சாண்டவுனில் முடிந்தது. பயிற்சியாளர் பட்டம் கடைசி நாளில் முல்லின்ஸுக்கே, ஸ்கெல்டன் பாவம்.

அடுத்த சீசனுக்கு இப்போதே கேட்கிறீர்கள். தி நியூ லயன், கோபெக், லுலம்பா, கால் சரியானால் சர் ஜினோ. மஜ்பரோ அந்த ஒரு வேலியை மறந்தால் அதுவும். பாலிபர்னை மறுபடி தடைக்கே கொண்டுபோகலாம் என்பது என் எண்ணம், முல்லின்ஸ் என்னைக் கேட்கமாட்டார்.

தம்பி, உன் கேள்வி மறக்கவில்லை. கோல்டன் ஏஸைச் சேர்த்துவிட்டேன், ஏழாவது பெயர். இன்னொரு முறை பிரைட்டர்டேஸ்அஹெட்டோடு மோதினால் நான் யார் மேல் கட்டுவேன் என்று மட்டும் கேட்காதே. நீ அன்று இரண்டு பவுண்டு கட்டி 52 வாங்கினாயாமே, ஸ்விண்டன் ஸ்டேஷன் பக்கம் வரும்போது டீ நீதான் வாங்கித் தர வேண்டும், வடையோடு.